கீற்றன் பின்னிய முன்வாசல்

இந்தக் கதை விடுதித் தோழி ஒருத்தி எனக்குச் சொன்னது. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்கே நினைவில்லை.

கிணற்றோரப் பனையில் கீற்றன் என்ற தூக்கணாங்குருவி முதல்முறையாகக் கூடு கட்டினான். மழைக்காலம் முடிவதற்குள் துணை அமையாவிட்டால் அடுத்த வருடம்தான். வருகிறவள் கண்ணில் முதலில் படுவது வாசல்தானே என்று, கூடு பாதியில் நிற்கும்போதே நீளமான குழல் வாசலைப் பின்னத் தொடங்கினான். விளிம்பில் ஈர மண் பூசி ஆவாரம்பூ இதழ்களை ஒட்டினான்.

"என்ன மாப்பிள்ளை, வாசல் தண்ணியைத் தொட்டுடும் போலிருக்கே! வீடு எப்போ கட்டப்போறே?" என்று பக்கத்து மட்டையில் கூடு கட்டிக்கொண்டிருந்த மஞ்சமுத்து சிரித்தான்.

செம்பி என்ற பெண்குருவி வந்து வாசலைப் பற்றியதும், பாதிக் கூட்டில் தொங்கிய குழல் கனம் தாங்காமல் பிய்ந்து கிணற்றில் விழுந்தது. கீற்றனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. செம்பியோ பறந்துவிடாமல் கூட்டுக்குள் ஏறி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துப் பார்த்தாள். முட்டையிடும் இடத்தில் உட்கார்ந்து ஆடியும் பார்த்தாள்.

"உள்ளே கெட்டியாத்தான் பின்னியிருக்கே. பூவும் நல்லாத்தான் இருந்தது. ஆனா காக்கா தலை நுழையாத வாசல் போதும் எனக்கு. நான் இங்கேயே இருக்கேன், நீ கட்டு."

கீற்றன் நார் கிழிக்கப் பறந்தான்.

"மாப்பிள்ளை, அந்த ஆவாரம்பூ எங்கே கிடைக்குது?" என்று கத்தினான் மஞ்சமுத்து.

பிறகு பறவைகள் பற்றிய புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு காத்திருக்குமாம். பெண் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வாசல் பின்னுமாம்.