ஊசிக்குப் பயந்த முத்தாத்தாள்

"ஊசி கிட்ட வந்துச்சுன்னா கடிச்சு வச்சிருவேன், ஆமா!"

ரத்தம் எடுக்கும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள் முத்தாத்தாள். கையில் கட்டியிருந்த ரப்பர் பட்டை தெறித்துப்போய் நர்ஸின் மூக்கில் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்தக் கருத்தரிப்பு மையத்தில் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்த ஜோடிகள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மருமகள் காளீஸ்வரி தலையில் கை வைத்தாள். "அத்தே, மில்லுல விரல் மாட்டி ஏழு தையல் போட்டப்ப டாக்டருக்கே தைரியம் சொன்ன ஆளு நீங்க. இத்தனூண்டு ஊசிக்கா இம்புட்டு ஆட்டம்?"

"அது அப்ப. இப்ப வயசாயிட்டு."

"காலையில ராஜபாளையத்துல ஓடுற பஸ்ஸுல தாவி ஏறுனியளே, அப்ப எங்க போச்சு வயசு?"

முத்தாத்தாள் நாற்காலியை விட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்றாள்.

உண்மையில் இந்த வம்பை இழுத்து வைத்ததே அவள்தான். காலையில் கொடுத்த படிவத்தில், 'கணவன் மனைவி ரத்த உறவா?' என்ற கேள்விக்குக் காளீஸ்வரி 'இல்லை' என்று டிக் அடித்திருந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, எங்கண்ணன் மக நீ. எம் மகன் ராம்கியக் கட்டியிருக்க. இல்லைன்னா போடுவ? படிச்ச கழுத!"

கூடமே கேட்கும்படி சொல்லிவிட்டு, பேனாவைப் பிடுங்கி 'ஆம்' என்று திருத்தினாள். காளீஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கடைசியில் டாக்டர் ஜாஸ்மினே எழுந்து வந்து, இருவரையும் தன் அறைக்கு அழைத்துப்போனார்.

"அம்மா, காளீஸ்வரியோட தம்பிக்குப் பிறவியிலேயே ஒரு ரத்தக் குறைபாடு. உங்க பிறந்த வீட்டு வழியில வர்றது. உங்கண்ணன் மூலமா இவங்களுக்கும், உங்க மூலமா உங்க மகனுக்கும் வந்திருந்தா, ரெண்டும் குழந்தைகிட்டப் போய்ச் சேர்ந்திரலாம். அதனாலதான் உறைய வச்சிருக்கிற நாலு கருவையும் மரபணுச் சோதனை பண்ணி, நல்லதா ஒண்ணை எடுத்து வைக்கணும்ங்கறேன்."

"பண்ணுங்க. யாரு வேண்டாம்னா?"

"அதுக்கு முதல்ல மூணு பேர் ரத்தம் வேணும். காளீஸ்வரி குடுத்தாச்சு. பேண்டேஜ் கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சு மதியம் உங்க மகன் வர்றாரு. நீங்கதான் பாக்கி."

முத்தாத்தாள் கண்ணைச் சுருக்கினாள். "எம் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா பாப்பிய?"

"ஆமாம்மா. நீங்க குடுக்கலைன்னா சோதனை இல்ல. சோதனை இல்லாம நான் கருவை வைக்கவும் மாட்டேன்."

முத்தாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேரனோ பேத்தியோ என்று ஆறு வருஷமாகக் காத்திருப்பவள். தொட்டில் கட்டுவதற்கு உத்தரத்தில் கொக்கிகூட மாட்டி வைத்துவிட்டாள்.

"ஏட்டி காளி, தலைய சுத்துது. செத்த வெளிய போயி ஒரு டீ வாங்கிட்டு வா."

காளீஸ்வரி போனாள். முத்தாத்தாள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, டாக்டரின் மேசை மேல் குனிந்தாள்.

"டாக்டரம்மா, ராம்கி நான் பெத்த புள்ள இல்ல."

டாக்டரின் பேனா நின்றது.

"கோயம்புத்தூர் மில்லுல வேல பாத்தப்ப, முறையா எழுதி வாங்கி எடுத்து வளத்தோம். ஊருக்குத் தூக்கிட்டு வரும்போது எட்டு மாசம். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது. எங்கண்ணனுக்கே தெரியாது."

டாக்டர் ஜாஸ்மின் சிரித்தார்.

"நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டுச் சொல்லுதேன், நீங்க பல்லக் காட்டுதிய!"

"பின்ன என்னம்மா? எவ்வளவு நல்ல சேதி! உங்க வீட்டு வழி அவருக்கு இல்லைன்னா, உங்க ரத்தமே எனக்கு வேண்டாம். அவருக்கு மட்டும் ஒரு டெஸ்ட் எடுக்கிறேன். அது சரியா இருந்தா கருவைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்ல. அடுத்த மாசமே வச்சிரலாம்."

"நெசமாவா!" முத்தாத்தாளின் முகம் பூரித்தது. மறு நொடியே சுருங்கியது. "சோதனை ஏன் வேண்டாம்னு எம் மருமக கேட்டா என்ன சொல்லுவிய?"

"நான் பொய் சொல்ல முடியாதேம்மா."

"அவளுக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்சிரும். பொறவு அம்மான்னு கூப்பிடுவானா? கூப்பிட்டாலும் பழைய மாதிரி இருக்குமா?" குரல் உடைந்தது. "முப்பது வருசமா இந்த ஒண்ணுக்குத்தான் டாக்டரம்மா பயந்து சாவுதேன்."

கதவு திறந்தது. இரண்டு கையிலும் டீ கிளாஸோடு காளீஸ்வரி நின்றாள்.

"கேட்டுட்டியாட்டி?"

"கேட்டுட்டேன் அத்தே."

முத்தாத்தாள் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ தரையெல்லாம் சிந்தியது.

"தாயி, நீ நல்லா இருப்ப. இன்னியில இருந்து அடுப்படிப் பக்கமே நீ வர வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். எம் மகன்கிட்ட மட்டும் மூச்சு விட்றாத!"

காளீஸ்வரி கிளாஸ்களை மேசையில் வைத்தாள். முந்தானையால் மாமியாரின் கண்ணைத் துடைத்தாள். அடக்கிப் பார்த்தும் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது.

"உங்க மகன் சொல்லித்தான் அத்தே எனக்கே தெரியும்!"