எல்லா ஊரிலும் மணிக்கூண்டு

மாலை நாலரை மணி. உதியன்குளங்கரை டிராவல்ஸ் கடையின் மேசையில், கப்பலில் போகக்கூடிய மூன்று ஊர்களின் படங்கள் விசிறிக் காற்றில் படபடக்கின்றன. மார்ச் மாதப் பயணத்துக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுகிர்தபாய் கொழும்புப் படத்தின்மேல் விரலை வைத்துக் கணவரைப் பார்க்கிறாள். "இருபது வருசம் கப்பல்ல சோறு பொங்கினீங்கல்லா, கொழும்பு எப்படியாக்கும்?" ராஜையா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் வர்ணித்த ஊர் அது. கதவு வழியே வரும் வெயில் அவர் விரல்களில் விழுகிறது. "கண்டது இல்ல சுகிர்தம். அடுக்களை தண்ணிக்குக் கீழயாக்கும். ஒரு ஊர்லயும் இறங்கினதில்ல. சொன்னதெல்லாம் புளுவு." அவள் சிரிக்கிறாள். "எனக்குத் தெரியாதாக்கும்! நீங்க சொன்ன எல்லா ஊர்லயும் ஒரே மணிக்கூண்டு வருமா?" படத்தை அவர் பக்கம் திருப்பி வைக்கிறாள். "ரெண்டுபேரும் புதுசா காணலாம். கப்பல் மேல்தட்டுல, படுக்க ஜன்னல் வச்ச முறி எடுப்பமா?"