பிரிண்டர் ஓடினால்தான் கல்யாணம்

"தம்பி, சால்டர் வெச்ச ஒயரை விரலால தொடாதீங்க, சுடும்!"

"பரவாயில்ல சார், ஓவன் முன்னாடி பழகின கை" என்ற பேக்கரிக்காரன், பெரியவர் பார்க்காதபோது விரலை ஊதிக்கொண்டான்.

பெரியவரின் மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா ஓய்வுபெற்ற டெலிபோன் இன்ஜினியர். டிவியோடு இணைத்து ஓட்டும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கொஞ்சுகிறவர். அதற்குப் பிரிண்டர் உண்டு. இரண்டையும் சேர்க்கும் கேபிள் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. "அதைக் கையால செஞ்சு பிரிண்டரை ஓட வைக்கிறவன்தான் மாப்பிள்ளை" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அத்தை பார்த்து அனுப்பிய நான்கு இன்ஜினியர்களும் தாளில் கோழிக் கிறுக்கலை வரவழைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

இவன் ஐந்தாவது ஆள். தோழியின் அண்ணன் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருக்கிறாள். இரண்டு வருடக் காதல் என்று சொன்னால் அப்பா வாசலோடு அனுப்பிவிடுவாரே! இன்று கோட்டைவிட்டால் அவ்வளவுதான். அதனால் ஒரு மாதமாக இன்டர்நெட்டைப் பார்த்து, அவனுக்குப் பாடம் எடுத்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"முடிஞ்சுது சார்!"

எட்டிப் பார்த்தாள். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்த புள்ளியெல்லாம் கேக் மேல் கிரீம் வைத்ததுபோல் வெகு அழகு. ஆனால் முதல் கம்பி கடைசி இடத்தில், கடைசிக் கம்பி முதல் இடத்தில்! பிளக்கைத் திருப்பிப் பிடித்தால் வரிசையும் திரும்பிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாளே, பாவி மனுஷன்!

"இப்படிக் கொடுங்க. என் மெஷினை நான்தான் தொடுவேன்."

அப்பா கேபிளோடு மேஜைக்கடியில் நுழைந்தார். முக்கி முனகி மாட்டிவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினார். மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கரகரவென்று சத்தம். கண்ணைத் திறந்தால், தாளில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள், ஒன்றுகூடப் பிசகாமல்!

"சபாஷ் மாப்பிள்ளை!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார் அப்பா. "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க, தேதி பார்ப்போம்."

அவன் பறந்தான். மகளுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "அப்பா, அந்தக் கேபிள்ல ஒயர் எல்லாம்..."

"ஷ்ஷ், மாப்பிள்ளை காதுல விழப்போகுது!" என்ற அப்பா, சட்டைக்குள்ளிருந்து பேக்கரிக்காரனின் கேபிளை எடுத்து அவள் கையில் திணித்தார். "ஓடினது நான் எப்பவோ செஞ்சு வெச்சது. வருஷத்துக்கு நாலு தடவை உனக்குப் பிறந்தநாள் கேக் வந்தா அப்பனுக்குத் தெரியாதா? அத்தை அனுப்பின நாலு பேரும் செஞ்சது முதல் தரமான கேபிள். அதையெல்லாம் ஒளிச்சு வெச்சு, கெட்டுப்போனதை மாட்டி அவங்களை விரட்டறதுக்குள்ள என் இடுப்பே ஒடிஞ்சு போச்சு!"