இரண்டு பேருக்கும் ஒரே சொல்

நாய் வைக்கோற்படப்பின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

குரைக்கவில்லை. வாலைக்கூட ஆட்டவில்லை. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முற்றத்தில் நின்ற மொக்கம்மாளின் கண்களையே பார்த்தது.

அவள் தோளில் தூங்கிய பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

குடிசைக்குள் பானைகள் உருண்டன. ஏட்டு ஞானதுரையும் புதிதாக வந்த போலீஸ்காரனும் உள்ளே அவள் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் படப்புக்குள் இருந்தான்.

வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் கைரேகை வைத்த ஆண்கள் ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். திருடினவன், திருடாதவன் என்ற பேதமெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கிடையாது. அந்தச் சாதியில் பிறந்தால் போதும். நேற்று அவன் போகவில்லை. பிள்ளைக்கு ஜன்னி கண்டு கண் செருகிவிட்டது. தூக்கிக்கொண்டு உத்தமபாளையத்து வைத்தியரிடம் ஓடினான்.

பிள்ளை பிழைத்தது. இனி அவன் அகப்பட்டால் ஜெயில்தான்.

போலீஸ் வந்ததுமே மொக்கம்மாள் இதையெல்லாம் சொல்லி அழுதாள். கதை விடாதே என்று ஏட்டு அதட்டிவிட்டு உள்ளே போனார்.

நாயின் மேல் குற்றமில்லை. அதற்கு இது விளையாட்டு.

குட்டியாக வந்தபோது அது ஒரு சொல் கேட்காது. ஆடு போனால் ஆட்டின் பின்னால் ஓடும், காக்கை பறந்தால் காக்கையின் பின்னால் ஓடும். அடித்துப் பழக்க அவனுக்கு மனம் வரவில்லை. கருவாட்டுத் துண்டை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்வான். நாய் கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தால்தான் கை திறக்கும். அது படிந்த பிறகு, எங்காவது போய் ஒளிந்துகொள்வான். நாய் தேடிக் கண்டுபிடித்து, சத்தம் போடாமல் எதிரே உட்கார்ந்து மொக்கம்மாளைப் பார்க்க வேண்டும். அவள் கூப்பிட்டதும் ஓடி வந்து கருவாட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூப்பிடுவதில்தான் சிக்கல்.

கருத்த குட்டிக்குக் கருப்பு என்று பெயர் வைத்தவன் அவன். அவன் பெயரோ சின்னக்கருப்பு. புருஷன் பெயரை அவள் எப்படி வாயால் சொல்வாள்? கருப்பசாமி கோயிலில்கூட, சாமி பெயரை விட்டுவிட்டு ‘எங்க காவக்காரரே’ என்றுதான் கும்பிடுவாள்.

என்னைக் கூப்பிடுகிற மாதிரியே அதையும் கூப்பிட்டுக்கொள் என்று அவன் சிரித்தான். அப்படித்தான் நாய்க்கும் ‘இந்தா’ ஆயிற்று. அவள் இந்தா என்றால் இரண்டு தலைகள் திரும்பும். ரெண்டுல நாய்தான் முதலில் வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்கம்மாள் கேலி பண்ணுவாள்.

காலையில் படப்புக்குள் நுழையும்போது அவன் சொல்லியிருந்தான்: அவர்கள் போனதும் இந்தான்னு ஒரு குரல் கொடு, வெளியே வருகிறேன்.

இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால் நாய் வரும். அவனும் வருவான்.

சொல்லாவிட்டால் நாய் அங்கேயே உட்கார்ந்திருக்கும், இதோ இங்கே இருக்கிறார் என்று காட்டிக்கொண்டு.

பானைச் சத்தம் நின்றது. குனிந்து வெளியே வந்தார் ஏட்டு. கையில் இரும்புப் பூண் போட்ட நீளக் கம்பு. கூரையைக் குத்திப் பார்த்ததில் ஓலைத் தும்பு அதன் முனையில் ஒட்டியிருந்தது. சந்தைக்குப் போகிற கூட்டமே அவரைக் கண்டால் ரோட்டை விட்டு இறங்கி நிற்கும்.

மொக்கம்மாள், பொறுத்துக்கொள் சாமி என்று மனசுக்குள் சொன்னாள்.

“கருப்பு,” என்றாள். “வா.”

நாய் காதைத் தூக்கியது. அவன் வாயில் மட்டுமே அந்தப் பெயரை அது கேட்டிருக்கிறது. படப்பைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு ஓடி வந்து அவளுடைய வெறுங்கையை முகர்ந்தது.

படப்பு அசையவில்லை.

புதுப் போலீஸ்காரன் துள்ளினான். தேடுகிற ஆளைத்தான் கூப்பிடுகிறாள், அவன் இங்கேதான் இருக்கிறான் என்றான்.

“எந்த ஊருலடா பொண்டாட்டி புருசன் பேரச் சொல்லியிருக்கா?” என்றார் ஏட்டு. “அது நாய்.”

ஆனால் அவர் நாயைப் பார்க்கவில்லை. அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

நேராக அங்கே போனார். கம்பை வைக்கோலுக்குள் செருகினார்.

மொக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வைக்கோல் நொறுங்கும் சத்தம் உள்ளே உள்ளே போயிற்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையின் மூச்சு மட்டும் அவள் கழுத்தில் சுட்டது.

எலிப்பொந்துதான் இருக்கிறது, நட என்று ஏட்டு சொன்னது கேட்டது.

வேலிப்படலைத் தாண்டும்போது அவர் திரும்பி நின்று அவளை அதட்டினார். பொழுது சாயுமுன் அவன் ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றார். போலீஸ்காரனை முன்னால் விட்டுக்கொண்டு நடந்தார்.

இரண்டு பேரும் வாய்க்காலைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் ஏறி மறையும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகுதான் இந்தா என்றாள்.

வைக்கோலை விலக்கிக்கொண்டு அவன் வெளியே வந்து உட்கார்ந்தான். அவள் ஒற்றைக் கையால் அவன் முதுகையும் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. நெஞ்சுக்குழிக்கு மேலே, பூண் அளவுக்கு ஒரு சிவந்த வட்டம் மட்டும் பதிந்திருந்தது.

“பட்டதும் நிறுத்திட்டாக,” என்றான் அவன். “மெதுவா உருவிக்கிட்டாக.”