மயிலா, கப்பலா

பாண்டி பஜார் கடைக்குள் இரண்டு மலிவுக் கூடாரங்கள் நிற்கின்றன. ஒன்று மயில் மார்க், மற்றது கப்பல் மார்க். பள்ளிக்கூடம் தரும் பணத்துக்கு இவைதான் கட்டுப்படியாகும். நாளை பாலவாக்கம் கடற்கரையில் சாரணியர் முகாம். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. எதை எடுப்பதென்று தெரியாமல், நீரஜா டீச்சர் பட்டுப்புடவையைப் பார்ப்பதுபோல் கூடாரத்தின் ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாள். முதலாளி சுயம்புலிங்கம் இரண்டின் மேலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுகிறார். துணி நனைந்து கறுக்கிறது. உள்ளே ஒரு பொட்டுகூட விழவில்லை. அவளுக்கு மூச்சு வருகிறது. மயிலுக்குள் குனிந்து, ஈரம் தெரிகிற இடத்தை விரலால் தொடுகிறாள். தொட்ட இடத்தில் ஒரு சொட்டு திரண்டு அவள் மணிக்கட்டில் இறங்குகிறது. கப்பலுக்குள்ளும் அப்படியே. “ரெண்டும் ஒழுகறதே,” என்கிறாள். “கித்தான் துணி அப்படித்தான் டீச்சர். உள்ளேருந்து கை படாட்டா ஒழுகாது. பிள்ளைகளைத் தொடாம படுத்துக்கிடச் சொல்லுங்க.” கூடாரத்துக்கு எட்டுப் பெண்கள், பன்னிரண்டு வயசுக்காரிகள். சரி என்று தலையாட்டுகிறாள். தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய விரல் இன்னொரு முறை மேலே போகிறது.