பார்ட்டி வந்தாச்சு

பெற்ற தாய் குடியிருக்கும் தாராவி ரூமுக்கு மாரிசெல்வம் சொன்ன விலை நாற்பது லட்சம். ஏதோ கம்பெனி பேரில் முழுப்பணமும் வந்துவிட்டது. இனி சாவியைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அம்மா மூட்டை கட்டினாள். தங்கை பிரேமலதா டீ கொடுத்தாள்.

"ரூம் புரோக்கர்னு பேருதான். அண்ணனுக்கு ரூம வாங்க ஒரு பார்ட்டி பிடிக்கத் துப்பில்ல."

ரூம் புரோக்கர் வேலை பார்க்கும் தங்கையைக் குத்திக்காட்டினான் மாரிசெல்வம்.

விலை பேசி முடித்த புரோக்கர் மன்சூர் பாய் வந்தார். "சாவியக் குடுத்துருங்க, அண்ணாச்சி."

"பார்ட்டி எங்க, பாய்?"

"பார்ட்டி வந்தாச்சே."

மாரிசெல்வம் வெளியே சந்தில் எட்டிப் பார்த்தான். யாருமில்லை. குழம்பிப்போய்த் திரும்பினால், பிரேமலதா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். காலி கிளாஸை அதில் வைத்தான்.

"கிளாஸ் இல்லண்ணே, சாவி. பணம் போட்டது என் கம்பெனிதான். பதினோரு ரூம் வாங்கி வித்துட்டேன். இத மட்டும் விக்க மாட்டேன்."

அம்மா மூட்டையை அவிழ்த்தாள்.

"ஒன் கணக்கு தீந்துட்டுண்ணே," என்றாள் பிரேமலதா. "அம்மைக்கு வரவேண்டிய மகன்தான் இன்னும் பாக்கி."