அந்துருண்டை

எரிமலைக் குழம்பு ஊரை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது முழுக்க ஆறிவிட்டது என்று அறிவிக்க அமைச்சர் வந்தார். தேனடை போல வெடித்துக் கிடந்த கரும்பாறை அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். எருமையை அவிழ்க்கப் போய்த் திரும்பாத புருஷனின் எலும்பையாவது இனித் தோண்டித் தருவார்கள் என்று, அதைச் சுற்றி எடுக்கப் புது வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் மரகதம்.

"நமது அரசுக்கு எரிமலையே அடங்கிவிட்டது!" என்றார் அமைச்சர். கைதட்டல் ஓயுமுன் கம்பளம் புகைந்தது. அடி உருகி ஒட்டிக்கொண்ட ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு அவர் காருக்கு ஓடினார். கூட்டமும் ஓடியது. நிலவியல் அதிகாரி மட்டும் மரகதத்திடம் வந்தார்.

"மேல்தோல்தாம்மா ஆறியிருக்கு. உள்ள இன்னும் நெருப்புதான். மெதுவாத்தான் ஆறும். மெதுவா ஆறினாத்தான் படிகம் பெருசா வளரும்."

"எப்ப தோண்டலாம் சார்?"

"முப்பது வருஷம் ஆகலாம்."

எலும்பு மிஞ்சியிருக்குமா என்று கேட்டுவிடுவாளோ என அவர் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். மரகதம் வேட்டியைப் பிரித்து, மடிப்புப் பிசகாமல் திரும்ப மடித்தாள்.

"அந்துருண்டை போட்டு வச்சா அதுவரைக்கும் தாங்குமில்ல சார்?"